நூலகத்தை நடத்துவது யார்?

சிங்கப்பூரில் பொது நூலகத்துக்குப் போன இடத்தில் மூன்று குறைகள் கண்ணில் படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். கையிலெடுத்த நாவலில் நடுவே நான்கு பக்கங்களைக் காணோம். தமிழ் அலமாரியில் புதுப் புத்தகம் வந்து நாளாகிவிட்டது. பொது விடுமுறையில் பிள்ளைகளோடு வந்தால் கதவு பூட்டியிருக்கிறது. மூன்றையும் அங்கிருக்கும் ஊழியரிடம் சொன்னால், முதலாவதை அவரே கவனித்துவிடுவார். இரண்டாவதை இன்னொரு பிரிவுக்கு எழுதி அனுப்ப வேண்டும். மூன்றாவதற்கு, கேட்டுக்கொள்வதைத் தவிர அவரால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. அவர் மீது கோபப்பட்டுப் பயனில்லை. அந்த முடிவு அவர் மேசைக்கு வருவதே கிடையாது.

நூலகத்தைப் பற்றிய எந்த முடிவு எந்த மேசையில் எடுக்கப்படுகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள். இதில் இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். என்ன செய்வது, யாருக்காக, எவ்வளவு பணத்தில் என்று தீர்மானிப்பது ஆளுகை. தீர்மானித்ததை அன்றாடம் செய்து முடிப்பது நிர்வாகம்.

கோயிலுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் பூசை செய்பவர் அர்ச்சகர். திருவிழா, அன்னதானம், வரிசை ஒழுங்கு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வது கோயிலின் நிர்வாகக் குழு. அதற்கும் மேலே, சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலையும் சேர்த்து நான்கு கோயில்களுக்குப் பொறுப்பாக இந்து அறக்கட்டளை வாரியம் இருக்கிறது. அது சட்டத்தால் பிறந்தது. தனக்கென ஊழியரும் கணக்கும் உடையது. ஆனால் ஓர் அமைச்சுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது. இத்தகைய அமைப்பை இங்கே ஆணைபெற்ற கழகம் என்கிறோம். பொது நூலகங்களை நடத்தும் தேசிய நூலக வாரியமும் அதே இனம்தான்.

ஒரே ஒரு வேறுபாடு உண்டு, அது முக்கியமானதும்கூட. கோயிலுக்குத் தனித்தனி நிர்வாகக் குழு உண்டு, நூலகத்துக்குக் கிடையாது. தெம்பனிசுக்கு ஒன்று, தோ பாயோவுக்கு ஒன்று என்று வட்டாரவாசிகளின் குழு எதுவும் அங்குள்ள நூலகத்தை ஆள்வதில்லை. இருபத்தைந்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்களையும், தேசிய நூலகத்தையும், 2012 நவம்பர் முதல் தேசிய ஆவணக் காப்பகத்தையும் ஒரே வாரியம் நடத்துகிறது. அதன் தலைமையகம் விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கும் பதினாறு மாடிக் கட்டடம்.

நகர மன்றத்திடம் கேட்கலாமா?

புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு நூலகம் என்றால் உள்ளூர் நூலக ஆணைக்குழு நினைவுக்கு வரும். அங்கே 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலாகிறது. இங்கே அப்படியொரு வரி இல்லை. மாநகராட்சியும் இல்லை, நாடும் நகரமும் ஒன்றாக இருக்கும் ஊரில் நகர நூலகம் என்பது தேசிய அமைப்பின் கிளையாகவே இருக்க முடியும்.

நகர மன்றம் இருக்கிறதே என்றால், அது மின்தூக்கி, தாழ்வாரம், அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம், குப்பை அகற்றுவது போன்ற வேலைகளுக்கானது. நூலகத்தின் வாசலில் விளக்கு எரியாவிட்டால், அந்த விளக்கு யாருடைய நிலத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்து ஒருவேளை அவர்களுடையதாக இருக்கலாம். வாசலைத் தாண்டி உள்ளே போனால் அவர்களுக்கு வேலையில்லை.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1953இல் வணிகர் லீ கோங் சியான் 3,75,000 வெள்ளி (டாலர்) நன்கொடை தர முன்வந்தார். நூலகம் எல்லாருக்கும் கட்டணமின்றித் திறந்திருக்க வேண்டும், ஆசிய மொழி நூல்களுக்கும் அங்கே இடம் வேண்டும் என்பன அவருடைய நிபந்தனைகள். இன்று தமிழ் அலமாரி ஒன்று இருப்பதற்கான வேர்களில் ஒன்று அந்த நிபந்தனை. 1960 நவம்பரில் ஸ்டாம்ஃபர்ட் சாலையில் செங்கல் கட்டடம் திறக்கப்பட்டது. 1970இல் குவீன்ஸ்டவுனில் முதல் முழுநேரக் கிளை வந்தது. 2004இல் ஸ்டாம்ஃபர்ட் சாலைக் கட்டடம் மூடப்பட்டு, சுரங்கச் சாலைக்காக இடிக்கப்பட்டது. அந்த வருத்தம் பலருக்கு இன்னும் ஆறவில்லை. நிர்வாக நோக்கில் பெரிய திருப்பம் 1995 செப்டம்பர் 1. அதுவரை அரசாங்கத் துறையாக இருந்த நூலகம் அன்று வாரியமாக மாறியது. தனி வரவுசெலவு, தனி ஆள்சேர்ப்பு, நீண்டகாலத் திட்டம் ஆகியவை அதற்குப் பிறகுதான் கைகூடின.

மேலிருந்து கீழாக ஐந்து மேசைகள்

முதல் மேசை நாடாளுமன்றம். தேசிய நூலக வாரியச் சட்டம் அங்கே நிறைவேறியது, திருத்துவதும் அங்கேதான். வாரியத்தின் கடமைகள் அந்தச் சட்டத்தில் உள்ளன: நூலகங்களை அமைத்து நடத்துவது, சிங்கப்பூரைப் பற்றிய வெளியீடுகளைச் சேர்த்துப் பாதுகாப்பது, தேசிய நூற்பட்டியலைத் தொகுப்பது முதலியவை. பணமும் இந்த மேசையைக் கடந்தே வர வேண்டும். நிதியாண்டு ஏப்ரல் 1 அன்று தொடங்குகிறது. அதற்கு முன்னதாக ஒவ்வோர் அமைச்சின் செலவுத் திட்டமும் நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்படும். நூலகங்களைப் பற்றி உறுப்பினர்கள் கேள்வி எழுப்புவது அநேகமாக அந்த நாள்களில்தான்.

இரண்டாவது மேசை அமைச்சர். நூலக வாரியம் இப்போது மின்னிலக்க மேம்பாடு, தகவல் அமைச்சின் கீழ் வருகிறது. 2024 ஜூலையில் வந்த பெயர் இது. அதற்கு முன் தொடர்பு, தகவல் அமைச்சு. வாரியத் தலைவரையும் உறுப்பினர்களையும் நியமிப்பவர் அமைச்சர். தேர்தல் கிடையாது.

மூன்றாவது மேசை வாரியம். உறுப்பினர்கள் பகுதிநேரப் பொறுப்பாளர்கள். அரசாங்கம், வணிகம், கல்வி, சமூகம் எனப் பல துறைகளிலிருந்து வருகிறவர்கள். எந்த எழுத்தாளரின் நூலை வாங்குவது என்று அவர்கள் உட்கார்ந்து பேசுவதில்லை. பல ஆண்டுத் திட்டம், பெரிய செலவு, தணிக்கை, தலைமை நிர்வாகியின் செயல்பாடு ஆகியவைதான் அவர்கள் முன் வரும். 1994இல் 'நூலகம் 2000' என்ற அறிக்கை வந்தது. கடைத்தொகுதிகளில் நூலகம், வட்டார நூலகம் என்று நாம் இன்று சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் பலவற்றுக்குக் காரணம் அது. 2025ஐக் குறிவைத்த திட்டம் 2021இல் வெளியானது.

நான்காவது மேசை தலைமை நிர்வாகியும் அவருக்குக் கீழுள்ள பிரிவுகளும்: நூல் தேர்வு, பட்டியலிடுதல், தொழில்நுட்பம், கட்டடம், நிகழ்ச்சிகள். ஐந்தாவதுதான் நீங்கள் நேரில் பார்க்கும் கிளை. வாசகரின் குறைகளில் பெரும்பாலானவை நான்காவது மேசைக்கு உரியவை. நாம் பேசிக்கொண்டிருப்பதோ ஐந்தாவது மேசையிடம்.

மேசைகள் ஒன்றோடொன்று மோதினால் என்ன ஆகும் என்பதற்கு 2014 ஜூலையில் நடந்தது நல்ல பாடம். ஒரு வாசகரின் புகாரை அடுத்துச் சிறுவர் பகுதியிலிருந்து மூன்று நூல்கள் எடுக்கப்பட்டன. எடுக்கப்பட்டவை கூழாக்கப்படும் என்று தெரிந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. எழுத்தாளர்கள் நூலக நிகழ்ச்சிகளிலிருந்து விலகினார்கள். பெற்றோர் பலர் எதிரெதிராக மனு எழுதினார்கள். கடைசியில் அமைச்சரே தலையிட்டு, இரண்டு நூல்களைப் பெரியவர்கள் பகுதியில் வைக்கச் சொன்னார். மூன்றாவது அதற்குள் கூழாகிவிட்டிருந்தது. வழக்கமாக நான்காவது மேசையிலேயே முடியக்கூடிய ஒரு விஷயம் இரண்டாவது மேசை வரை ஏறியது. நூலை நீக்குவது என்பது சின்ன நிர்வாக வேலையாகத் தோன்றினாலும், எந்த அடிப்படையில் நீக்குகிறோம் என்பது ஆளுகைக் கேள்வி. அதை முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால் இப்படித்தான் ஆகும்.

பணம் எங்கிருந்து?

பெரும்பகுதி அரசாங்க மானியம். தாமதக் கட்டணம், வெளிநாட்டவரின் உறுப்பியக் கட்டணம், அரங்க வாடகை ஆகியவை சிறு துளிகள். தாமதக் கட்டணம் வருமானத்துக்காக வைத்தது என்று நினைப்பவர்கள் உண்டு. நூல் திரும்பி வருவதற்கான தூண்டுகோல் அது. அதை நம்பி நூலகம் நடத்த முடியாது. நன்கொடை தனி வழி. குறிப்பிட்ட திட்டத்துக்கென்று தரப்படும் நன்கொடையை வேறெதற்கும் எடுக்கக்கூடாது. சைனாடவுன் நூலகம் சீனக் கோயில் ஒன்றின் நன்கொடையில் 2013இல் தொடங்கியது. அங்கே அன்றாட வேலையைத் தொண்டூழியர்களே பார்க்கிறார்கள்.

பணத்தை இரண்டு பையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். சம்பளம், மின்சாரம், நூல் வாங்குவது எல்லாம் ஆண்டுச் செலவு. புதுக் கட்டடம், பெரிய புதுப்பிப்பு ஆகியவை மேம்பாட்டுச் செலவு. ஒரு பையில் இருப்பதை நினைத்தபோது இன்னொன்றுக்கு மாற்ற முடியாது. "இத்தனை கோடிக்குப் புதுப்பித்தார்கள், பத்துத் தமிழ் நூல் கூடுதலாக வாங்க முடியாதா?" என்ற கேள்வி நியாயமாகவே ஒலிக்கும். ஆனால் இரண்டும் வெவ்வேறு பை.

செலவுக்கு விதிகளும் கடுமையானவை. அரசாங்கத்தின் மின்கொள்முதல் தளம் வழியாக ஏலக்குத்தகை, விலைப்புள்ளி, ஒப்புதல் என்று ஒவ்வொன்றுக்கும் படிகள் உண்டு. தலைமைக் கணக்காய்வாளர் அலுவலகம் ஆணைபெற்ற கழகங்களையும் சோதிக்கும். புத்தகச் சந்தையில் நல்ல நூலைக் கண்ட நூலகர் தம் பணப்பையைத் திறந்து வாங்கி வந்து அலமாரியில் வைத்துவிட முடியாததற்குக் காரணம் இதுதான்.

கடைத்தொகுதியில் இருக்கும் நூலகத்துக்கு இன்னொரு சிக்கல். விவோசிட்டி, செங்காங், சிராங்கூன் போன்ற இடங்களில் நூலகம் இன்னொருவரின் கட்டடத்துக்குள் இருக்கிறது. சமூக வசதிக்கு இடம் ஒதுக்கும் கட்டட உரிமையாளருக்குக் கூடுதல் தளப்பரப்பு கிடைக்கும் திட்டம் நகர மறுசீரமைப்பு ஆணையத்தில் உண்டு. அதனால்தான் இந்த இடங்கள் சாத்தியமாகின்றன. எம்ஆர்டி ரயிலிலிருந்து இறங்கிக் காய்கறி வாங்கப் போகிறவரும் உள்ளே வருவார், கூட்டம் சேரும். அதே சமயம் மின்படி, பொதுக் கழிப்பறை, வளாகக் கதவு ஆகியவை கட்டட உரிமையாளர் கையில். கேலாங் ஈஸ்ட், தோ பாயோ போன்ற தனிக் கட்டடத்தில் இருந்தால் எல்லாம் வாரியத்தின் பொறுப்பு, கூரை ஒழுகினாலும்தான்.

ஒரு தமிழ் நூல் அலமாரிக்கு வரும் வழி

தேர்வு கிளையில் நடப்பதில்லை. மையப் பிரிவில் மொழிவாரியாக நூலகர்கள் இருக்கிறார்கள். எந்த நூல், எத்தனை படி, எந்தக் கிளைகளுக்கு என்பதை அவர்கள் முடிவு செய்கிறார்கள். முக்கியமான அளவுகோல்களில் ஒன்று இரவல் எண்ணிக்கை. இதை வாசகர்கள் கவனிப்பதே இல்லை. நூலகத்திலேயே உட்கார்ந்து படித்து, அலமாரியில் வைத்துவிட்டுப் போனால் அந்த வாசிப்பு இரவல் கணக்கில் ஏறாது. தமிழ்ப் பகுதி வளர வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர் போகிறபோது இரண்டு நூலை எடுத்துப் போனால் அது கூடுதல் பயன் தரும்.

வாங்கிய பின் பட்டியலிட வேண்டும். ஆங்கில நூலென்றால் வெளிநாட்டு நூலகங்களின் ஆயத்தப் பதிவைத் தரவிறக்கிக்கொள்ளலாம். தமிழ் நூலுக்குப் பல நேரம் அது கிடைக்காது. தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் முதலிலிருந்து எழுத வேண்டும். தலைப்பைத் தமிழ் எழுத்திலும், ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்தும் பதிவார்கள். இந்த ஒலிபெயர்ப்புதான் பலருக்குக் கண்ணாமூச்சி காட்டுகிறது. நூலகத்துறையின் உலகளாவிய முறையில் 'ப' எப்போதும் ஆங்கிலத்தின் p, 'ச' எப்போதும் c. நாம் பாரதி என்பதை b என்ற எழுத்தில் தொடங்கித் தட்டச்சு செய்கிறோம். சிங்கப்பூர் என்பதை s என்ற எழுத்தில் தொடங்குகிறோம். நூல் இருக்கும், தேடலில் வராது. ஆகவே முதலில் தமிழ் எழுத்திலேயே தேடுங்கள். வராவிட்டால் ஆசிரியர் பெயரை இந்த முறைப்படி எழுதிப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் பின்னட்டையில் உள்ள ஐஎஸ்பிஎன் எண். அதற்கு எழுத்துக் குழப்பம் எதுவும் இல்லை. அலமாரியில் நேரடியாகத் தேடுவதானால் 894.811 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பு முறையில் தமிழ் இலக்கியத்துக்கான எண் அது.

அடுத்து, பின்னட்டையின் உட்புறம் போன்ற இடத்தில் மெல்லிய ஒட்டுச்சில்லு ஒன்று ஒட்டப்படும். வானொலி அலையில் இயங்கும் இந்தச் சில்லை 1998இல் புக்கிட் பாத்தோக்கில் சோதித்துப் பார்த்து, பின்னர் எல்லா நூலகங்களுக்கும் கொண்டுவந்தார்கள். உலகில் இதை முதலில் பெரிய அளவில் செய்த பொது நூலகங்கள் நம்முடையவை. வரிசையில் நின்று முத்திரை குத்தி வாங்கிய காலம் அத்தோடு போனது.

ஆனால் அந்தச் சில்லுக்குத் தெரிந்தது குறைவு. நூல் இரவலாகும்போதும் திரும்பும்போதும் மட்டும்தான் அதன் நிலை மாறும். "அலமாரியில் உள்ளது" என்று நூலகத்தின் கைப்பேசிச் செயலி சொல்லியும் அலமாரியில் இல்லாமல் போவது இதனால்தான். யாரோ ஒருவர் நாற்காலியில் வைத்துப் படித்துக்கொண்டிருக்கலாம். திரும்பி வந்து தள்ளுவண்டியில் காத்திருக்கலாம். எடுத்துப் பார்த்தவர் 894இல் வைக்க வேண்டியதை 641இல், சமையல் நூல்களுக்கு நடுவே, செருகிவிட்டுப் போயிருக்கலாம். மூன்றாவது வகைதான் மோசம். இடம் மாறிய நூல் தொலைந்த நூலுக்குச் சமம். எடுத்த இடம் மறந்துவிட்டால் அருகிலுள்ள வண்டியிலோ மேசையிலோ வைத்துவிடுவதே உதவி.

திருப்பும்போதும் ஒரு கவனம் வேண்டும். எந்த நூலகத்தில் எடுத்ததையும் வேறு நூலகத்தின் புக் டிராப்பில் போடலாம். ஒவ்வொன்றாகப் போடுங்கள். இரண்டு மெல்லிய சிறுவர் நூல்கள் ஒட்டிக்கொண்டு விழுந்தால், அல்லது அட்டையில் உலோகப் பளபளப்பு இருந்தால், சில்லைப் படிக்கும் கருவி தடுமாறும். போட்ட பின் செயலியில் இரவல் பட்டியலைப் பார்த்துவிட்டு நகருங்கள். அப்போதே தெரிந்தால் அப்போதே சொல்லலாம். பத்து நாள் கழித்துத் தாமதக் கட்டண அறிவிப்பு வந்த பிறகு நிரூபிப்பது தலைவலி.

கடைசிக் கட்டம் களையெடுப்பு. கிழிந்தவை, காலாவதியான சட்ட, மருத்துவ, கணினி நூல்கள், நெடுநாளாக யாரும் தொடாதவை ஆகியவை அலமாரியிலிருந்து எடுக்கப்படுகின்றன. பார்க்க மனம் கனக்கும்தான். ஆனால் இடம் அளவானது. பழையது போகாமல் புதியது வராது.

இரண்டு படி கொடுத்தேனே, எங்கே போனது?

உள்ளூர் எழுத்தாளர்களிடம் அடிக்கடி கேட்கும் குறை இது. சட்டப்படி சிங்கப்பூரில் வெளியாகும் அச்சு நூலுக்கு இரண்டு படிகளை, வெளியான நான்கு வாரத்துக்குள் வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். சொந்தமாக அச்சிட்டு விற்றாலும் விதி இதுதான். 2019இல் நடப்புக்கு வந்த திருத்தத்தால் மின்வெளியீடுகளும் இதில் சேர்ந்தன. '.sg' என்று முடியும் சிங்கப்பூர் முகவரி கொண்ட இணையத்தளங்களை வாரியமே சேகரித்துப் பாதுகாக்கவும் வழி பிறந்தது.

இந்தப் படிகள் பாதுகாப்புக்கானவை. தேசிய நூலகத்தின் சேமிப்பில் இருக்கும். ஆய்வாளர்கள் விக்டோரியா ஸ்திரீட்டின் 7 முதல் 13 வரையிலான மாடிகளில் உள்ள லீ கோங் சியான் மேற்கோள் நூலகத்தில் சிங்கப்பூர்த் தொகுப்பைப் பார்வையிடலாம். வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. ஒப்படைத்த இரண்டு படிகளும் அங் மோ கியோ நூலக அலமாரிக்கு வரும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இரவல் பகுதிக்கு வர வேண்டுமானால் தேர்வுப் பிரிவு அதைத் தனியாக வாங்க வேண்டும். நன்கொடையாகத் தந்தாலும் அதே சல்லடைதான். பெற்றுக்கொண்டதெல்லாம் அலமாரி ஏறுவதில்லை. பாதுகாப்புக் கடமையின் பலனைத் தமிழர்கள் கண்கூடாகப் பார்ப்பது இணையத்தில்: தமிழ் முரசின் பழைய இதழ்கள் வாரியத்தின் செய்தித்தாள் தளத்தில் கிடைக்கின்றன. 1965 முதல் வெளியான தமிழ் இலக்கிய நூல்களும் 2015இல், நாட்டின் பொன்விழாவின்போது, சமூகத்தின் முயற்சியோடு மின்னிலக்கமாயின.

எழுதினால் எப்படி எழுதுவது?

கிழிந்த நூல், இடம் மாறிய நூல், சத்தம், குளிர் ஆகியவற்றைக் கிளை ஊழியரிடம் நேரிலேயே சொல்லுங்கள். நூல் வாங்கக் கேட்பது, பட்டியல் பிழை, செயலிக் கோளாறு ஆகியவற்றுக்கு வாரியத்தின் கருத்துப் படிவம். "தமிழ் நூல்கள் போதவில்லை" என்று எழுதினால் "தங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வரும். அந்த வரியை வைத்துக்கொண்டு நூலகரால் எதையும் செய்ய முடியாது. தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, ஐஎஸ்பிஎன், எந்தக் கிளையில் வேண்டும், யார் படிப்பார்கள் என்று ஐந்து நூல்களுக்கு எழுதினால் அது வேலைத்தாளாக மாறிவிடும். வாசகர் வட்டம் ஒன்று அதைக் கூட்டாக எழுதினால், படிக்க ஆள் இருப்பதற்கு அதுவே சான்று.

திறக்கும் நேரம், புதிய கிளை, மூடிய கிளைக்கு மாற்று போன்றவை பணமும் கொள்கையும் கலந்தவை. அவற்றை உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பில் சொல்லலாம். ஆண்டு இறுதியிலேயே போய்விடுவது நல்லது. மார்ச் மாதம் விவாதம் முடிந்து பணம் ஒதுக்கிய பிறகு போனால், அடுத்த சுற்றுக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும்.